வீட்டு அட்வான்ஸ்: வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் முதல் நாளே பேசவேண்டிய கணக்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வாடகை எவ்வளவு என்று கேட்ட கையோடு வரும் அடுத்த கேள்வி அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதுதான். ஆறு மாதம் என்பார்கள், ஒரு வருடம் என்று நிற்பவர்களும் உண்டு, தெரிந்த ஆளைப் பிடித்துப் பேசினால் மூன்றுக்கு இறங்கி வருவார்கள். தொகைக்காக அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறோம். அந்தக் காசு எதற்காக வாங்கப்படுகிறது, எப்போது திரும்பி வரும், எதையெல்லாம் கழிக்கலாம் என்பதை இரண்டு நிமிடம்கூடப் பேசுவதில்லை. அதைக் கேட்டால் வீட்டுக்காரர் குறை நினைப்பார் என்று வாடகைக்கு வருபவர் பேசாமல் இருக்கிறார், சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று அவரும் பேசாமல் இருக்கிறார். வீடு விடுகிற நாளில் இரண்டு பேரும் சேர்த்துப் பேசுகிறார்கள், சத்தமாக.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கணக்குக்கு வசதியாக மாத வாடகை 20,000 ரூபா, அட்வான்ஸ் ஆறு மாதம், அதாவது 120,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 120,000 யாருடைய காசு?

வாடகைக்கு வந்தவருடைய காசு. வீட்டுக்காரர் கையில் இருந்தாலும், அவர் வங்கிக் கணக்கில் கிடந்தாலும், அதைச் செலவழித்து முடித்திருந்தாலும்கூட அது இன்னொருவருடைய காசுதான். வாடகை பாக்கி விழுந்தால், கரண்ட் பில் கட்டாமல் போனால், வீட்டை உடைத்துப் போட்டால் அந்த நட்டத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான் வீட்டுக்காரருக்கு. ஒன்றும் நடக்கவில்லையென்றால் முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு வைப்பு என்பது இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊரில் அட்வான்ஸ் என்று சொல்லிக் கைமாறும் காசு எல்லாமே இந்த வகை இல்லை. சிலர் மேலே சொன்ன பாதுகாப்புக் காசாக வாங்குகிறார்கள், மாத வாடகை தனியாகக் கட்ட வேண்டும், அட்வான்ஸ் அப்படியே இருக்கும். சிலர் வாடகையையே முன்கூட்டி வாங்குகிறார்கள், ஒரு வருட வாடகை மொத்தமாகக் கொடுத்தால் அந்த வருடம் முழுக்க வேறொன்றும் கட்டத் தேவையில்லை, கடைசியில் திரும்பி வரவும் ஒன்றும் இருக்காது. இரண்டையும் கலந்து, பாதியை மாதம் மாதம் வாடகையில் கழித்து மீதிப் பாதியை வைத்திருப்பவர்களும் உண்டு. அப்புறம் வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைக்கக் கொடுக்கும் பத்தாயிரமோ இருபதாயிரமோ, அதையும் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறோம், வராமல் விட்டால் அது போனது போனதுதான் என்பது வீட்டுக்காரரின் நினைப்பு, திரும்பித் தருவார் என்பது கொடுத்தவரின் நினைப்பு.

நான் கேள்விப்பட்ட சண்டைகளில் பெரும்பாலானவற்றில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒருவர் ஒரு வகை என்று நினைத்துக் கொடுத்தார், மற்றவர் இன்னொரு வகை என்று நினைத்து வாங்கினார், அவ்வளவுதான்.

இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மாற்றம் கிடைத்து வரும் ரீச்சர்மார், கச்சேரி, பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், வங்கி ஊழியர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களில் படிக்கும் பிள்ளைகள். பம்பைமடுவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய உள்ளூர்களிலிருந்து வந்து நான்கைந்து பேராக ஒரு வீடு எடுத்திருக்கும் பெண் பிள்ளைகள். இவர்களில் யாரும் பத்து வருடம் இருக்கப்போகிறவர்கள் இல்லை. வீட்டுக்காரருக்கு இவர்களுடைய சொந்த ஊரும் தெரியாது, தகப்பன் பெயரும் தெரியாது, மூன்று மாத பாக்கியோடு இரவோடு இரவாகப் போனால் எங்கே தேடுவது? அதனால் அவர் அட்வான்ஸ் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருட அட்வான்ஸ் கேட்பதில் இருக்கிறதா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இல்லை. ஒரு மாத பாக்கி, ஒரு கரண்ட் பில், உடைந்த இரண்டு சாமான், இதற்கெல்லாம் மூன்று மாத வாடகை தாராளமாகக் காணும். அதற்கு மேல் வாங்குவது பாதுகாப்புக்காக வாங்குவதில்லை, வட்டியில்லாக் கடன் எடுப்பது.

காசு எங்கே போகிறது

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அட்வான்ஸை ஒதுக்கி வைப்பதில்லை. வாங்கின கிழமையே ரைல்ஸ் பதிக்கப் போகும், பின்பக்கம் ஒரு அறை இறக்கப் போகும், மகளின் கலியாணத்துக்குப் போகும், லீசிங் கட்டப் போகும். இதில் களவு ஒன்றும் இல்லை, காசை தனிக் கணக்கில் போடு என்று யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. ஆனால் நீங்கள் வீடு விடும்போது கொடுக்க அவரிடம் காசு இருக்காது. அப்போதுதான் அந்தப் பிரபலமான வசனம் வரும்: "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்த உடனே உங்களுக்குத் தாறன் தம்பி." அடுத்த ஆள் எப்போது வருவார்? அடுத்த கிழமையும் வரலாம், ஆறு மாதம் வீடு பூட்டியும் கிடக்கலாம். இதற்கிடையில் நீங்கள் புது இடத்தில் இன்னொரு வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கடன் வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் காசைச் செலவழிப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப ஒப்பந்தத்தை எழுதுவதுதான் நடைமுறைக்குச் சரியான வழி. எங்களுடைய 120,000 கணக்கிலே பாருங்கள். வீடு விடுவதாக நான்கு மாதத்துக்கு முன்பே அறிவித்து, அந்தக் கடைசி நான்கு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து கழிப்பது என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் 80,000 அப்படியே தீர்ந்துவிடும். மீதி 40,000 மட்டும் வீட்டுக்காரர் கையில் நிற்கும், வீட்டைப் பார்த்து, பில்லைப் பார்த்து, கழிப்பதைக் கழித்து அதைக் கொடுக்கலாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் புரட்டுவது கஷ்டம், நாற்பதாயிரம் புரட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. வாடகைக்காரருக்கு ஆபத்து குறைகிறது, வீட்டுக்காரருக்கும் தலையிடி குறைகிறது.

ஆனால் இதை எழுதாமல், கேட்காமல், நீங்களாகவே "அட்வான்ஸில கழியுங்கோ" என்று கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்தினால் அது வேறு கதை. அது பாக்கி. வீட்டுக்காரர் கோபப்பட்டால் அவரில் பிழை சொல்ல முடியாது, ஏனென்றால் கடைசி நாளில் நீங்கள் கதவை உடைத்துவிட்டுப் போனால் அவர் கையில் ஒன்றுமே இருக்காது. வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: கழிக்க விடுங்கள், ஆனால் இரண்டு மாத வாடகை அளவு காசு கடைசி வரைக்கும் கையில் இருக்கட்டும்.

வட்டியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அட்வான்ஸுக்கு வட்டி தருவதாக இங்கே யாரும் எழுதுவதில்லை, கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் காசின் பெறுமதி விழுவதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணக்கில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2021இல் ஒரு வருட அட்வான்ஸ் கொடுத்து 2023இல் அதே தொகையைத் திரும்பி வாங்கியவர் எண்ணிக்கையில் ஒரு சதமும் இழக்கவில்லை, சாமான் வாங்கப் போனபோதுதான் அரைவாசி எங்கே போனதென்று தேடினார். அதேபோல இரண்டு வருட வாடகையை முன்கூட்டி மொத்தமாக வாங்கிய வீட்டுக்காரரும் அடிபட்டார், ஊரெல்லாம் வாடகை ஏற அவருடைய வீடு மட்டும் பழைய விலையில் நின்றது. பெரிய தொகையை நீண்ட காலத்துக்குப் பூட்டி வைக்கும்போது யாரோ ஒருவர் நட்டப்படுவார், அது யாரென்று முன்கூட்டித் தெரியாது. இதுவும் தொகையைச் சின்னதாக வைக்க ஒரு காரணம்.

கடதாசி

இனி எழுத்து. மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1840இலிருந்தே எங்கள் நாட்டில் இருக்கிறது, அந்த ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டையோ காணியையோ குத்தகைக்குக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடையில் வாங்கின அச்சடித்த படிவத்தில் ஒரு வருடம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால், அந்த ஒரு வருட உரிமை சட்டத்தின் முன்னால் நிற்பது கஷ்டம், பொதுவாக மாதத்துக்கு மாதம் வாடகை கட்டி இருப்பவராகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். அதற்காக அந்தப் படிவத்தைக் கிழித்தெறியத் தேவையில்லை, காசு கொடுத்ததற்கு அது சாட்சி. பெரிய அட்வான்ஸ், நீண்ட காலம், கடை எடுப்பது, இதற்கெல்லாம் நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் உங்கள் வீடு வருமா வராதா என்பதையும் அப்போதே அவரிடம் கேட்டுவிடலாம், அந்தச் சட்டத்தில் பின்னால் பல திருத்தங்கள் வந்து பல வீடுகள் அதன் பிடியிலிருந்து வெளியே போய்விட்டன.

நொத்தாரிசிடம் போக வசதியில்லை, மாணவர்கள் நான்கு பேர் ஒரு அறை எடுக்கிறார்கள் என்றால்? ஒரு கொப்பித் தாளில் எழுதிய பற்றுச்சீட்டாவது வேண்டும். இப்படி எழுதினால் போதும்: இன்ன முகவரியிலுள்ள வீட்டுக்கு, இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய இவரிடமிருந்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய பாதுகாப்புக் காசாக 120,000 ரூபா இன்று பெற்றுக்கொண்டேன், மாத வாடகை 20,000 ரூபா தனியாகக் கட்டப்படும், இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், திறப்பு ஒப்படைத்து பதினான்கு நாளுக்குள் கழிவு போக மீதியைத் திருப்பிக் கொடுப்பேன். கீழே திகதியும் கையெழுத்தும். காசை வங்கிக்கூடாகப் போடுங்கள், போடும்போது குறிப்பு எழுதும் இடத்தில் வீட்டு அட்வான்ஸ் என்று எழுதுங்கள். கையில் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கொடுத்த கையோடு வட்ஸ்அப்பில் "அண்ணா, இண்டைக்கு அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபது தந்தனான், கிடைச்சதுதானே" என்று ஒரு செய்தி போடுங்கள், அவர் "ஓம்" என்று போட்டால் அதுவும் ஒரு எழுத்துதான்.

யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது தொகையைவிடப் பெரிய விஷயம். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மனைவிக்குச் சீதனமாக வந்தது, உறுதி அவருடைய பெயரில் இருக்கும், ஆனால் பேசுவதும் காசு வாங்குவதும் கணவர். எல்லாம் நல்லபடி போகும்வரை இது பிரச்சினையே இல்லை. அவர்களுக்குள் ஏதாவது நடந்தால் "அந்தக் காசு எனக்குத் தெரியாது" என்று அக்கா சொல்லலாம், சொன்னால் அதில் உண்மையும் இருக்கலாம். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணி வீட்டைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டுச் சட்டமும் இன்னும் இருக்கிறது. ஆகவே கணவன், மனைவி இரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்குவது இரண்டு பக்கத்துச் சிக்கலையும் ஒரே தரத்தில் அடைக்கும். ஒருத்தரும் குறை நினைக்க மாட்டார்கள், "அக்காவும் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றால் தேத்தண்ணி கொண்டுவந்த கையோடு வைத்துவிட்டுப் போவார்.

இரண்டாவது வகை, சொந்தக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் வீடு. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அவருடைய மச்சானோ சித்தப்பாவோதான் திறப்பு வைத்திருப்பார், காசும் அவர்தான் வாங்குவார். அவரிடம் அற்றோர்னித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் சார்பில் நடக்க எழுதிக் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு பிரதி வாங்குங்கள். இல்லையென்றால் சொந்தக்காரரோடு நேரே வீடியோவில் பேசி, இன்னார் என் சார்பில் அட்வான்ஸ் வாங்குகிறார், தொகை இவ்வளவு என்று அவரிடமிருந்தே எழுத்தில் ஒரு செய்தி வாங்கி வையுங்கள். சொந்தக்காரர் விடுமுறைக்கு வந்து "மச்சான் எனக்கு அப்பிடி ஒரு காசும் தரேல்லையே" என்று நிற்கும் கதைகள் வன்னியில் ஏராளம்.

மூன்றாவது, அனுமதிப்பத்திரக் காணி. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் நிறைய, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் உள்ளவை. இவற்றை இன்னொருவருக்குக் கொடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு, அனுமதி பிரதேச செயலகத்தோடு சம்பந்தப்பட்டது, நொத்தாரிசு எழுத மறுக்கவும் கூடும். அப்படியான வீட்டுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், போகாமல் விட்டால் பல ஊர்களில் வீடே கிடைக்காது. ஆனால் அங்கே ஒரு வருட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒன்று, இரண்டு மாதம். அதற்கு மேல் கேட்டால் வேறு வீடு பாருங்கள்.

சாமான் எடுத்து வைக்கும் முன்

வெறும் வீடாக இருக்கும்போதே போனை எடுத்து அறை அறையாக ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், கதவைத் திறந்து பூட்டி, பைப்பைத் திறந்து, சுவிச்சைப் போட்டு, சுவர் வெடிப்பைக் கிட்டப் பிடித்து. எடுத்ததை அன்றைக்கே வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள், இல்லையென்றால் பிறகு எடுத்தது என்பார்கள். கரண்ட் மீற்றர் வாசிப்பைத் தனியாக ஒரு படம். பழைய பில் பாக்கி இருக்கிறதா என்று கணக்கு இலக்கத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், முந்தி இருந்தவர் விட்டுப்போன பில்லைக் கட்டின புதியவர்கள் பலர்.

எங்கள் பக்கத்துக்கென்று சில இடங்கள் இருக்கின்றன. கிணற்று மோட்டர் ஓடுகிறதா, எவ்வளவு நேரத்தில் தாங்கி நிரம்புகிறது, ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றுமா. கதவு நிலைகளிலும் கூரை மரத்திலும் கறையான் மண் ஏறியிருக்கிறதா, ஏனென்றால் இரண்டு வருடம் கழித்து நிலை உதிரும்போது உங்கள் தலையில்தான் வரும். பைப்பிலும் கொமட்டிலும் ரைல்ஸிலும் வெள்ளைப் படிவு ஏற்கெனவே இருக்கிறதா. வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும், அந்தப் படிவு யார் இருந்தாலும் வரும். மழைக்குள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் எந்த வீட்டில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அயலவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

வீட்டுக்காரருக்கும் இதே வீடியோ தேவை. வாடகைக்காரர் எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். "வரேக்கை வீடு புதுசு மாதிரி இருந்தது" என்ற வாய்ப்பேச்சை வைத்து மத்தியஸ்தத்தில் ஒரு ரூபாகூட வாங்க முடியாது.

எதைக் கழிக்கலாம்

இருக்க இருக்கத் தேய்வது வேறு, உடைப்பது வேறு. எங்கள் நாட்டில் வாடகை விஷயத்தில் எழுதாத இடங்களை நிரப்புகிற உரோமன் டச்சுச் சட்டத்தின் நியாயமும் இதுதான், வீட்டை எடுத்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், சாதாரணப் பாவனையால் வரும் தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை. பெயின்ற் மங்குவது, திரைச்சீலைக் கம்பிக்கு அடித்த ஆணி ஓட்டை, பழைய பூட்டு இறுகுவது, தண்ணீர்ப் படிவு, வெள்ளத்தில் சுவர் ஊறியது, இதெல்லாம் வீட்டுக்காரரின் பக்கம். உடைந்த கண்ணாடி, வெடித்த கைகழுவும் தொட்டி, தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டு எரித்த மோட்டர், தொலைத்த திறப்பு, கேட்காமல் வெட்டின மாமரம், இவை வாடகைக்காரரின் பக்கம்.

பெயின்ற்றில்தான் அதிகம் சண்டை. மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டுப் போகும் குடும்பத்திடம் முழு வீட்டுக்கும் பெயின்ற் காசு கழிப்பது அநியாயம், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சுவருக்கு அந்த வருடம் பெயின்ற் தேவைப்பட்டிருக்கும். எட்டு மாதத்தில் பிள்ளைகள் சுவர் முழுக்க கிறேயோனால் எழுதி வைத்திருந்தால், அந்தச் சுவருக்கு மட்டும் கழிக்கலாம். உடைந்த சாமானிலும் அப்படித்தான். பதினைந்து வருடப் பழைய தொட்டி வெடித்ததற்குப் புதுத் தொட்டியின் முழு விலையையும் எடுக்கக்கூடாது, பாதிக்குப் பாதி என்று பேசி முடிப்பது நல்லது.

எங்கள் கணக்கை முடிப்போம். கடைசி நான்கு மாத வாடகை கழிந்து 40,000 மிச்சம். கடைசிக் கரண்ட் பில் 4,300. தொட்டிக்குப் பாதி 6,000. திரும்பி வர வேண்டியது 29,700. இதை வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதி, பில்லின் படத்தோடு கொடுத்தால் கேள்வியே வராது. "செலவு கொஞ்சம் போச்சு, இருபது தாறன்" என்று சொல்வதில்தான் பகை வருகிறது. கழிக்கிற உரிமை இருப்பவருக்குக் கணக்குக் காட்டுகிற கடமையும் இருக்கிறது.

விட்டுப் போகும்போது

மாற்றம் வரக்கூடிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: இடமாற்றக் கடிதம் வந்தால் ஒரு மாத அறிவித்தலோடு விடலாம், அட்வான்ஸ் பறிபோகாது. இல்லையென்றால் தை மாதம் மாற்றம் வந்து நீங்கள் மன்னாரில் நிற்பீர்கள், "ஒரு வருடம் எண்டுதானே எடுத்தனீங்கள்" என்று வீட்டுக்காரர் இங்கே நிற்பார். அறிவித்தலை எழுத்தில் கொடுங்கள், திறப்பைக் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். திறப்பை உங்களிடம் வைத்திருக்கும்வரை வாடகை ஓடுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்.

கடை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ9 வீதியோரத்திலும் வவுனியா பஜாரிலும் கடைக்குக் கேட்கும் கீ மணி என்பது பெரும்பாலும் திரும்பி வராத காசு, அதைப் பாதுகாப்பு அட்வான்ஸ் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். திரும்பி வருமென்று சொன்னால் நொத்தாரிசு உறுதியில் அப்படியே எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. ஒற்றிக்கு வீடு எடுப்பது இன்னும் வேறு விஷயம், பெரிய தொகையைக் கொடுத்து வாடகையும் வட்டியும் இல்லாமல் இருந்து, மீட்கும்போது முதலை வாங்குவது. அது ஈட்டுக் கணக்கில் வருவது, நொத்தாரிசு இல்லாமல் கிட்டவும் போகாதீர்கள்.

நடுவில் வீட்டை விற்றுவிட்டால்? ஒழுங்காக எழுதின குத்தகை இருந்தால் வாங்கியவர் அதை மதித்து நடக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் பழைய விதி. ஆனால் அட்வான்ஸ் பழையவரிடமா புதியவரிடமா என்ற குழப்பம் வரும். விற்பனை நடக்கிற காலத்திலேயே மூன்று பேருமாக, அட்வான்ஸுக்கு இனி யார் பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வையுங்கள். பழையவர் காசோடு வெளிநாடு போன பிறகு தேடுவது வீண் அலைச்சல்.

எல்லாம் செய்தும் காசு வரவில்லை என்றால் முதலில் ஒரு கடிதம், பதிவுத் தபாலில்: தொகை, திறப்புக் கொடுத்த திகதி, எத்தனை நாளுக்குள் வேண்டும். பலர் இந்தக் கடிதத்தோடேயே கொடுத்துவிடுகிறார்கள். பொலிசுக்குப் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், போனால் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள், ஆனால் இது கொடுக்கல் வாங்கல் தகராறு, அவர்கள் காசைப் பிடுங்கித் தரப்போவதில்லை. சரியான இடம் மத்தியஸ்த சபை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. சட்டம் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட காசுத் தகராறுகள் நீதிமன்றம் போகும் முன் அங்கேதான் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மாதிரி மூன்று பேர் இருந்து கேட்பார்கள், உங்கள் கதையை நீங்களே சொல்ல வேண்டும், அப்போதுதான் அந்தப் பற்றுச்சீட்டும் வீடியோவும் வட்ஸ்அப் செய்தியும் வேலை செய்யும். உடன்பாடு வராவிட்டால் தீரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து மாவட்ட நீதிமன்றம் போகலாம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறது.

காலத்தையும் விட்டுவிடாதீர்கள். 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டப்படி எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடத்துக்குள் வழக்கு வைக்கலாம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம்தான். "அடுத்த வருசம் பாப்பம்" என்று அவர் சொல்லிக்கொண்டே போனால், அதையும் எழுத்தில், திகதியோடு, இவ்வளவு தரவேண்டும் என்ற தொகையோடு வாங்கி வையுங்கள்.